கடல்மேல் மிதக்கும் கிணற்று நீர்

யாழ்ப்பாணத்திலே காணி வாங்கப் போகும் ஒருவர் உறுதியை விரித்துப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு காரியம் செய்வார். நேரே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். மண் எத்தகையது, பனை எத்தனை, வேலி எங்கே என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான். “தண்ணி எப்பிடி?” என்பதே முதற் கேள்வி. “நல்ல தண்ணி” என்றால் விலை ஏறும். “கொஞ்சம் சவர்” என்றால் இறங்கும்.

இதிலே ஒரு புதுமையும் உண்டு. வேலிக்கு இப்பாலுள்ள கிணற்றில் இளநீர் போன்ற தண்ணீர் இருக்கும். வேலிக்கு அப்பால், இருபது முப்பது யார் தூரத்திலுள்ள கிணற்றிலோ வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர். ஒரே மண், ஒரே மழை, ஒரே ஆழம். ஆயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அது கிடக்கட்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து, நான்காம் பக்கமும் கடனீரேரியால் அறுபட்டுக் கிடக்கும் இந்தத் தட்டை நிலத்திலே நல்ல தண்ணீர் என்று ஒன்று இருப்பதே எப்படி?

நாள்தோறும் அள்ளிக் குடிக்கின்ற நாம் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

ஆறில்லா ஊர்

ஊருக்கு அழகு ஆறு என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அந்த அழகு வாய்க்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்நிலத்திலே ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு; அதுவும் மாரியில் மாத்திரம் ஓடி, அராலிக் கரையிற் கடலோடு கலந்து, கோடையில் இருந்த சுவடின்றிப் போய்விடும். மலையில்லை, மலையில்லாதபடியால் அருவியுமில்லை. வானம் தருகின்ற மழையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது அங்குலம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மிஞ்சிய மாதங்களிலெல்லாம் வெயிலும் சோளகக் காற்றுமே.

இப்படிப்பட்ட இடத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளைவித்துப் பெயரெடுத்தவர்கள் நம் தோட்டக்காரர். அவர்கள் நம்பியிருந்தது கிணற்றை. கிணறு எதனை நம்பியிருந்தது?

நம் முன்னோர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். நிலத்தின் கீழே ஓர் ஆறு ஓடுகின்றது என்றனர். அது வன்னிப் பெருநிலத்திலிருந்து வருகின்றது என்பார் சிலர். அதற்கும் அப்பாலிருந்து வருகின்றது என்பார் வேறு சிலர். அந்த ஆற்றுக்குச் சான்றாக அவர்கள் காட்டிய இடங்கள் இரண்டு. ஒன்று நிலாவரை, மற்றையது கீரிமலை.

அடியில்லாக் கிணறு

புத்தூருக்கு அணித்தாக நவக்கிரியில் உள்ளது நிலாவரைக் கிணறு. கிணறு என்பது பழக்கத்தால் வந்த பெயரே, மனிதர் வெட்டியதன்று. பாறை தானே வாய் திறந்தாற்போன்ற ஒரு பெருங்குழி. இராமபிரான் வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். அதற்கு அடியே இல்லை என்பது ஊர்வழக்கு. இங்கே ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது கீரிமலைக் கேணியிலே மிதக்கும் என்று சொல்லாத பாட்டியரும் இல்லை.

கீரிமலையோ வடகரையில், கடலலை வந்து மோதும் விளிம்பிலேயே உள்ள நன்னீர்க் கேணி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர். அந்தப் பக்கம் உப்புக் கடல். கீரிமுகங் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகங் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் தத்தம் குறை நீங்கப் பெற்றது இத்தீர்த்தத்தில் என்பது தலபுராணம்.

நிலாவரைக்கு அடி உண்டு. அது நூறு அடிக்கும் மேலான ஆழத்தில் உள்ளது. ஆனால் அடியைக் காட்டிலும் வியப்பானது அதன் இடைப்பகுதி. மேலே உள்ள தண்ணீர் நன்னீர்; கீழே போகப்போகச் சவர்; அதற்கும் கீழே கடல்நீர் போன்ற உப்பு. ஒரே குழியில் மூன்று தண்ணீர்! நிலத்தடி ஆறு ஒன்று வந்து நிரப்புவதாயின் மேலும் கீழும் ஒரே சுவையாகவன்றோ இருத்தல் வேண்டும்?

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். இவர் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலிலே நம் கிணறுகளுக்கும் இடமளித்தார். புத்தூர்க் கிணற்றின் நீர்மட்டம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சில அங்குலம் ஏறி இறங்குவதை அவர் குறித்துள்ளார். பன்னிரண்டு மணித்தியாலம் என்பது கரையோர மக்கள் நன்கறிந்த கணக்கு. கடலின் வற்றுப்பெருக்குக் கணக்கு அது. கரையிலிருந்து விலகியுள்ள கிணறு கடலோடு சேர்ந்து மூச்சு விடுகின்றது. ஆனால் கிணற்றின் மேல்நீர் உப்பாக இல்லை. இதுவே விடுகதை.

டார்வின் அவிழ்த்த முடிச்சு

இவ்விடுகதையை அவிழ்த்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்தைக் காணாதவர். 1836ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் ‘பீகிள்’ என்னும் கப்பல் இந்துசமுத்திரத்தின் நடுவேயுள்ள கீலிங் தீவுகளை அடைந்தது. அதிலிருந்து இறங்கிய இளைஞர் சாள்ஸ் டார்வின். உயிர்களின் தோற்றம் பற்றிப் பின்னர் அவர் எழுதியது உலகறிந்த செய்தி. கிணறுகளைப் பற்றி எழுதியது பலர் அறியாதது. பவளப் பாறையாலான அத்தாழ்ந்த தீவிலே கப்பல்கள் நன்னீர் ஏற்றிச் செல்லும் கிணறுகள் இருந்தன. அவற்றின் நீரும் கடலோடு ஏறி இறங்கிற்று.

மணல் கடல்நீரை வடித்து உப்பை நீக்கிவிடுகின்றது என்று அக்காலத்திற் பலர் நம்பினர். டார்வின் அதனை ஏற்கவில்லை. துளைகள் நிறைந்த பாறை ஒரு பஞ்சு போன்றது. அதன் கீழ்ப்பகுதியைக் கடல்நீர் நிறைத்திருக்கின்றது. மேலே பெய்யும் மழைநீர் பாரங் குறைந்ததாதலால் கடல்நீரோடு கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கின்றது. கடல் ஏறினால் மிதப்பதும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும் என்று அவர் விளக்கினார்.

இதனை வகுப்பறையிலும் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையிற் பாதியளவு தண்ணீர் எடுத்து, நான்கைந்து கரண்டி உப்பைக் கரைத்து, அடையாளத்துக்குச் சிறிது நிறமும் சேருங்கள். அதன்மேல் ஒரு கரண்டியைத் தாழ்வாகப் பிடித்து, கரண்டியின் முதுகின்மேல் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நிறமுள்ள உப்புநீர் கீழேயும் நிறமற்ற நன்னீர் மேலேயுமாக இரண்டும் பிரிந்து நிற்கும். கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டாலோ, எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாலும் அவை மீண்டும் பிரியா. இக்கடைசிச் செய்தியை மறவாதிருங்கள், பின்னர் வேண்டியதாகும்.

ஒன்றுக்கு நாற்பது

மிதப்பது சரி, எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும்? இதற்குக் கணக்குக் கண்டவர் இருவர். ஒருவர் ஒல்லாந்து நாட்டு இராணுவப் பொறியியலாளர் படோன் கைபன். ஆம்ஸ்ரடாமுக்கு அருகே கிணறு தோண்டுவது பற்றி 1888-89ஆம் ஆண்டளவில் எழுதியவர். மற்றவர் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க். வடகடற் கரையின் நீர்வழங்கலை ஆராய்ந்து 1901இல் எழுதியவர். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

கணக்கு எளிது. ஒரு கொள்கலம் நன்னீர் 1,000 இறாத்தல் நிறையாயின், அதே கொள்கலம் கடல்நீர் ஏறத்தாழ 1,025 இறாத்தல் இருக்கும். ஆகவே நாற்பது அடி உயரக் கடல்நீர்த் தூணுக்குச் சரிநிகராகத் தராசில் நிற்கவேண்டுமாயின் நன்னீர்த் தூண் நாற்பத்தோரடி உயரமாக வேண்டும். அந்த மேலதிகமான ஓரடியே கடல்மட்டத்துக்கு மேலே நிற்பது. மாற்றிச் சொன்னால், கிணற்று நீர் கடல்மட்டத்திலும் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் உண்டு. ஈரடி நின்றால் எண்பது அடி. நடுநிலத்தில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், அவரைவிதை போன்ற வடிவில் இந்நன்னீர் கடலின்மேல் மிதந்து கிடக்கின்றது. விஞ்ஞானிகள் இதனை நன்னீர் வில்லை என்பர்.

நிலாவரையின் மூன்று தண்ணீருக்கும் விடை இதுவே. அக்குழி மிக ஆழமானபடியால் நன்னீர் வில்லையை ஊடறுத்துக் கீழேயுள்ள உப்புநீர் வரை இறங்கிவிட்டது. கீரிமலைக்கும் விடை இதுவே. வில்லையின் மெலிந்த ஓரம் கரையில் முடிகின்றது. நிலத்தினுள் மிஞ்சிய நன்னீர் பாறை வெடிப்புகளினூடே அங்கே கசிந்து வெளிப்படுகின்றது. எங்கோ தொலைவிலுள்ள மலையிலிருந்து வரும் ஆறு எதுவும் கீழே இல்லை. நம் முற்றத்திலும் தோட்டத்திலும் பெய்த மழையே நம் கிணற்றில் நிற்கின்றது.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால் நன்னீர் கீழே நாற்பது அடி வளரும் என்றால், ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும் என்பதும் மெய்யன்றோ? அது உடனே ஏறாது. மெல்ல மெல்ல ஏறும். ஆனால் ஏறிக் கலந்துவிட்டால், குவளையிற் கண்டதுபோல, மீண்டும் எளிதிற் பிரியாது.

கல்லும் கதையும்

முன்னோர் சொன்ன கதை வெறும் பொய்யோ எனின், அன்று. குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக் கல். இன்றைக்கு ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது அக்காலம். கடலுயிர்களின் ஓடும் சிப்பியும் கடலடியிற் படிந்து இறுகியதே அக்கல். மழைநீர் வானிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அது கல்லை எறும்பு ஊர்வதுபோல அரிக்கின்றது. அரித்த வழி வெடிப்பாகி, வெடிப்பு வாய்க்காலாகி, வாய்க்கால் குகையாகின்றது. குகையின் கூரை இடிந்து விழுந்தால் நிலாவரை போன்ற குழி உண்டாகின்றது. கரையாது எஞ்சிய கசடே வலிகாமத்துச் செம்மண்.

ஆதலின் நிலத்தின் கீழே நீரோடும் வழிகள் உண்டு என்ற வரையில் நம் பாட்டியர் சொன்னது உண்மை. ஒரு வேலிக்கு இருபுறமும் இரு சுவை இருப்பதற்கும் இது ஒரு காரணம். ஒரு கிணறு மழைநீர் வந்து தங்கும் வெடிப்பைத் தொட்டிருக்கும். மற்றது உப்பு ஏறிவரும் வெடிப்பைத் தொட்டிருக்கும். அல்லது ஒன்று அளவறிந்து இறைக்கப்பட்டிருக்கும். மற்றது அடிவரை ஆழமாக்கப்பட்டு அளவின்றி இறைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் குறைகின்றது என்று கிணற்றை மேலும் ஆழமாக வெட்டுபவர் பலர். அவர் தேடிப் போவது நன்னீர், அணுகுவதோ உப்பு.

கதை நமக்குச் செய்த தீங்கு ஒன்றே ஒன்று. ‘அடியில்லாதது, வற்றாதது’ என்ற நம்பிக்கையை அது ஊட்டிவிட்டது.

துலாவின் அளவு

துலாமிதித்து இறைத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். விடிவதற்கு முன்னர் துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக நடப்பர். கிணற்றடியில் ஒருவர் பனையோலைப் பட்டையைத் தாழ்த்தி, கோலிச் சரிப்பார். தோட்டத்தில் ஒருவர் வாய்க்காலை மறித்தும் திறந்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். அது மிகக் கடினமான உழைப்பு. அதனைப் புகழ்ந்து மீண்டும் துலாவுக்குப் போவோம் என்று சொல்பவர் துலா மிதித்திருக்கமாட்டார்.

ஆயினும் அதில் ஓர் அளவு இருந்தது. மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. மேலேயுள்ள நன்னீரை மெல்லப் பட்டை முகந்தது. ஓய்ந்த வேளையிற் பக்கத்து ஊற்றுக்கள் அதனை நிரப்பின. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் உழவன் முதுகு நிமிர்ந்தது. அது பெரும் பேறு. ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அது இறைக்குமிடத்தில் நீர்மட்டம் குழிந்து இறங்க, அதற்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல எழுந்து வருகின்றது. பிற்பகலிற் கிணற்று நீர் சிறிது கரித்தால், அது கிணறு நமக்குச் சொல்லும் செய்தி: இன்றைக்குப் போதும்.

கிணறு யாருடையது?

நம் பழைய காணி உறுதிகளைப் பார்த்தவர்கள் அறிவர். நிலத்தைப் பிரிப்பதோடு அவை நில்லா. கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரித்து இன்னவாறு என்று நுணுக்கமாக எழுதிவைக்கும். தண்ணீரின் அருமையை உணர்ந்தவர்களாலேயே அப்படி எழுத முடியும். அதே சமூகம், ஒரு சாராரைக் கிணற்றுக் கட்டில் ஏறவிடாது, பிறர் இரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவும் வைத்தது. கே. டானியலின் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்பதே பெயராயிற்று.

ஆனால் மேலே நாம் போட்ட வேலியும் எழுதிய உறுதியும் விதித்த விலக்கும் கீழேயுள்ள தண்ணீருக்குத் தெரியா. கட்டு நம்முடையது, கயிறும் வாளியும் நம்முடையவை, தண்ணீர் எல்லாருடையது. ஒருவர் இறைத்தால் அயலவர் கிணறு தாழும். ஒருவர் கொட்டினால் அயலவர் குடிப்பார்.

இது உவமை அன்று. தோட்டத்துக்கு அளவுக்கு மீறி இட்ட உரமும், அடிகட்டாத மலக்குழியின் கசிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே விரைவில் இறங்கி நீரைச் சேர்கின்றன. மணல் வடிப்பதுபோல இக்கல் வடிப்பதில்லை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு வகுக்கப்பட்ட எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஒரு மிடறு குடித்துப் பார்ப்பவரின் நாக்குக்கு அகப்படாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். பாற்போத்தலிற் கரைத்த பாலுண்ணும் ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கே ஆபத்து மிகுதி. குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கும்.

சுன்னாகத்திலே மின்னிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக எழுந்த வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. எண்ணெய் கொட்டியது ஓரிடம். வாளியில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டவர்கள் அயலெங்கும் இருந்தவர்கள்.

மழையை மறித்தல்

ஆறில்லா ஊருக்கு ஆறு சமைக்கலாம் என்று கனவு கண்டவர்களும் உளர். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954ஆம் ஆண்டு முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளிற் கடல் புகாது மறித்து மாரிநீரைத் தேக்கி அவற்றை நன்னீராக்குவது. அதன் சில பகுதிகள் கட்டப்பட்டன, முழுமை பெறவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, 2024இல், தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது வேண்டியதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. மழைநீரைக் கடல்மேல் மிதக்கவைத்துக் காலமெல்லாம் இலவசமாகத் தந்த நிலத்திலே, மின்சாரம் செலவழித்துக் கடலைப் பிழிந்து குடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

நம் முன்னோர் நிலத்தடி ஆற்றை நம்பியவர்களாயினும், குளமும் கேணியும் தொட்டு மழையை மறித்து வைத்தனர். குளத்திலே நின்ற மழை மெல்ல மெல்லக் கீழிறங்கி வில்லையைத் தடிப்பாக்கிற்று. காரணத்தை அவர்கள் வேறாகச் சொன்னார்கள். காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். நாம் காரணத்தைச் சரியாக அறிந்துள்ளோம். ஆனால் குளங்களைத் தூர்த்தும், முற்றத்துக்குச் சீமெந்து பூசியும், மாரி வெள்ளத்தை வாய்க்கால் வழியே விரைந்து கடலுக்கு அனுப்பியும் வருகிறோம்.

அடுத்த முறை கிணற்றடியில் வாளியைத் தாழ்த்தும்போது சற்றே எட்டிப் பாருங்கள். கீழே தெரிவது அடியில்லா ஆறன்று. சென்ற மாரியும் அதற்கு முந்திய மாரிகளும் விட்டுச் சென்ற மழை. அதன் கீழே கடல் காத்திருக்கின்றது. இந்த மாரியில் நம் வளவிற் பெய்யும் மழையில் எவ்வளவைக் கீழே இறங்க விடப்போகிறோம் என்பதைப் பொறுத்தே, நம் பேரப்பிள்ளைகளின் காணிக்கு வருகின்றவர் ஒரு மிடறு குடித்துவிட்டு “நல்ல தண்ணி” என்று சொல்வதும் சொல்லாததும் இருக்கின்றன.